கைப்பேசிகளை ஏற்றிச் செல்லும் வண்டி

எங்கள் ஒன்றுகூடல் தொடங்கும் முறையை முதலிற் சொல்லிவிடுகிறேன். அதை அறியாதவர்க்கு மற்றவை விளங்கா.

நாங்கள் சிறுவடிவத் தொடர்வண்டிகளைச் சேர்ப்போர். ஊரார் எங்களுக்கு வைத்த பெயர் 'பொம்மைக் கோச்சிக்காரர்'. போயா எனப்படும் முழுநிலா நாள் விடுமுறைதோறும் பிற்பகலில், துறைமுகத்தைப் பார்த்திருக்கும் வாசிகசாலையின் பின்னறையிற் கூடுவோம். அறையின் நடுவே நீண்ட மேசை. அதன்மேல் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு நீள்வட்டத் தண்டவாளங்கள். ஒரு கோடியிற் கம்பி வலைமீது கடதாசிக் கூழ் பூசிச் செய்த மலை. அதன் வயிற்றில் ஒரு சுரங்கம். வருவோர் தத்தம் கைப்பேசியை உட்சுற்றில் நிற்கும் திறந்த சரக்குப் பெட்டியொன்றிற் கிடத்துவர். எல்லாரும் ஏற்றியபின் இயந்திரம் அப்பெட்டிகளை மெல்ல இழுத்துச் சென்று மலைக்குள் நிறுத்தும். பிறகுதான் வெளிச்சுற்றில் எங்கள் வண்டிகள் ஓடத் தொடங்கும். தேநீர் வரும்வரை கைப்பேசிகள் மலைக்குள் இருக்கும். அழைப்பு வந்தால் மலை ஒலிக்கும். எவரும் எழுந்து செல்வதில்லை.

இவ்விதி பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்னொருகால் அன்பரொருவர் அரிதாகக் கிடைத்த நீராவி இயந்திரமொன்றைக் கொணர்ந்து மேசையில் ஓடவிட்டார். அது வளைவில் தடம் விலகி நிலத்தில் வீழ்ந்து சக்கரம் முறிந்தது. மேசையைச் சுற்றி நின்றோர் ஒருவரேனும் அதைக் காணவில்லை. எல்லார் தலைகளும் கைப்பேசியிற் கவிழ்ந்திருந்தன. ஓசை கேட்டு நிமிர்ந்தபோது இயந்திரத்தின் அடிவயிறுதான் தெரிந்தது. அன்றே ஏகமனதாக விதி இயற்றினோம். 'ஒன்றுகூடற் பொழுதிற் கைப்பேசியைக் கைவசம் வைத்திருத்தலும் அதிற் பேசுதலும் ஆகா' என்ற வாசகத்தை நானே யாத்துச் சுவரில் ஒட்டினேன்.

அதன்பின் ஆட்கள் குறையலாயினர். விதியினாற் குறைந்தனரா, விதி வந்த காலத்திற் குறைந்தனரா என்பதை இன்றளவும் என்னாற் பிரித்தறிய முடியவில்லை. ஒருவர் கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். ஒருவர்க்கு முழங்கால் நோவு. சிலர் எதுவுமே சொல்லாமல் நின்றுவிட்டனர். சென்ற ஆண்டின் இறுதியில் மேசையருகே நின்றவர் இருவர்: நானும், தோப்பூரில் நெல் ஆலை நடத்தும் நண்பரும்.

வாசிகசாலைச் செயலாளரான பெண்மணி ஒருநாள் என்னை வழியில் நிறுத்தினார். எங்கள் நகரத் தெருக்களில் திரியும் புள்ளிமான்களுள் வாயிலில் நின்ற ஒன்றைக் கையால் விலக்கியபடி, தயக்கத்தோடு சொன்னார்.

"சேர், குறை நினைக்கக் கூடாது. ரெண்டு பேருக்காக ஒரு அறையைப் பூட்டி வைக்கேலாது. தையல் வகுப்புக்கு இடம் கேட்டு நிக்கினம். வாற போயாவுக்கு நான் வந்து பாப்பன். அப்பவும் ரெண்டு பேர்தான் எண்டா, அறையை அவைக்குக் குடுக்கத்தான் வேணும்."

அவர் சொன்னது நியாயமே. எனினும் எனக்கு அந்த அறை வேண்டும். அன்புவழிபுரத்தில் எனது வீட்டில் மேசை போட இடமில்லை என்பது ஒரு புறம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் என்னைக் காண்போர் யாவரும் நோயையும் மருந்தையும் பற்றியே உசாவுகின்றனர். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் பற்றி என்னோடு பேசுவோர் அந்தப் பின்னறையில்தான் உளர். அதை இழக்க நான் ஒருப்படவில்லை.

மூன்றாவது ஆளாக முதலில் நினைவுக்கு வந்தவர் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதங்களிற் குழாய் பொருத்தும் பணியாளர். எங்கள் தண்டவாளங்களுக்கு மின்கம்பி இணைத்தவரும் அவரே. விதி வந்த சில திங்களில் வருகையை நிறுத்தியிருந்தார். அவரது வீட்டுக்குச் சென்று காரணம் வினவினேன்.

"சேர், கோவிக்கக் கூடாது," என்று கதிரையை என் பக்கம் தள்ளினார். "கிழமை முழுக்க வேலையிடத்து வாசல் கேற்றில போனைக் குடுத்துப்போட்டுத்தான் உள்ளுக்குப் போறனான். நெருப்புப் பிடிக்குமாம். சரி, அங்க எண்ணெய் கிடக்கு. உங்கட மேசையில என்ன கிடக்கு நெருப்புப் பிடிக்க?"

"கவனம் சிதறும் அல்லவா?"

"லீவு நாளிலயும் ஒரு கேற் எண்டால் நான் வேலைக்கே போகலாமே சேர். ஓவர்ரைமாவது கிடைக்கும்."

குசினியிலிருந்து அவரது மனைவியின் குரல் வந்தது. "சேர், அந்த மலைக்குள்ள போனோட சேத்து இவரையும் ஒருக்காப் போட்டு மூடிவிடுங்கோ. எங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு."

நான் தெளிவு பெற்றவனாகத் திரும்பினேன். தடைதான் ஆட்களை விரட்டியிருக்கிறது. தடையை நீக்கினால் ஆட்கள் வருவர். இவ்வளவு எளிய உண்மை இத்தனை காலம் புலப்படாமற் போனதே என்று என்னை நானே கடிந்துகொண்டேன். மறுநாளே, விதியை நீக்கப் போவதைச் சொல்லத் தோப்பூர்ப் பேருந்தில் ஏறினேன்.

ஆலை முற்றத்தில் நெல் பரவிக் கிடந்தது. நண்பர் சாக்குக் குவியலின்மேல் அமர்ந்திருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவரது சட்டைப்பை மும்முறை ஒலித்தது.

"என்னத்துக்கு சேர் சட்டத்த எடுக்கிற? நல்லாத்தானே இரிக்கி."

"ஆள் குறைகிறதே."

"குறையட்டும். எனக்கு அந்த மல ஒண்டுதான் நிம்மதி. இஞ்ச பாருங்க, லொறி வரல்ல எண்டு ஒருத்தன், பெல்ட் அறுந்திட்டு எண்டு ஒருத்தன், கறிக்கு என்ன வாங்கிற எண்டு ஊட்ட இருந்து பொஞ்சாதி. மலைக்குள்ள கிடந்தா ஒருத்தரும் இல்ல. அதுக்குத்தான் சேர் நான் வாறன். கோச்சி பொறவுதான்."

"விரும்பியவர் ஏற்றலாம், விரும்பாதவர் வைத்திருக்கலாம் என்று விதியைத் திருத்தினால்?" என்றேன்.

"அது சரிவராது. சட்டம் எண்டாத்தான் எனக்குச் சாட்டு. அங்க போன் எடுக்க உடமாட்டாங்க எண்டு ஊட்ட சொல்லி வெச்சிரிக்கன். விரும்பினா எடுக்கலாம் எண்டா, ஏன் எடுக்கல்ல எண்டு கேக்க மாட்டாவா? சட்டத்த எடுத்தா நான் வரமாட்டன் சேர், சொல்லிப்போட்டன்."

திரும்பும் வழியெல்லாம் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரே விதி. அதனால் ஒருவர் வரவில்லை. அதனாலேயே ஒருவர் வருகிறார். எடுத்தாலும் இருவர், விட்டாலும் இருவர். மாணவர்க்குப் பல்லாண்டு இலக்கணம் கற்பித்தவன் நான். விதியையும் விலக்கையும் ஒருங்கே அமைப்பது எனக்குப் புதிதன்று. ஆயினும் இந்தச் சிக்கலின் நுனி எது, அடி எது என்று பிடிபடவில்லை.

நுனியைப் பிடித்தவர் சீனன்குடா நண்பரே. நிலைமையைத் தொலைபேசியிற் சொன்னதும் சிரித்தார்.

"நோட்டீஸ் சுவரில அப்பிடியே கிடக்கட்டும் சேர். மில் முதலாளி போனை ஏத்தட்டும். நான் என்ர சேட்டுப் பொக்கெற்றில சத்தமில்லாமல் வைச்சிருக்கிறன். அவருக்குச் சட்டம், எனக்கு லீவு. நான் வாறன்."

சுவரில் நின்றும் செயலில் நில்லாத விதியை விதி எனல் தகுமா? எனக்குத் தெரியவில்லை. அறை வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. இசைந்தேன்.

முழுநிலா நாள் வந்தது. வானம் மூடிக் கிடந்தது. துறைமுக நீரும் ஈயம்போல மங்கியிருந்தது. தோப்பூர் நண்பர் வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். பிறகு நிம்மதியோடு கைப்பேசியைப் பெட்டியிற் கிடத்தினார். எனதையும் அருகில் வைத்தேன். எனது கைப்பேசி மலைக்குள்ளிருந்து ஒருமுறையேனும் ஒலித்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சீனன்குடா நண்பர் தமது சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நோக்கிக் கண்ணடித்தார். வண்டி மலைக்குட் புகுந்து நின்றது.

வெளிச்சுற்றில் பச்சை இயந்திரம் நான்கு பயணிப் பெட்டிகளோடு ஓடத் தொடங்கிச் சிறிது நேரம் சென்றிருக்கும். மலை ஒலித்தது. தோப்பூர் நண்பர் முகத்திற் புன்னகை பரந்தது. "கத்தட்டும்," என்றார். மீண்டும் ஒலித்தது. ஓய்ந்தது. அடுத்த கணம் சீனன்குடா நண்பரின் சட்டைப்பை பெருங்குரலெடுத்தது. சத்தத்தை அணைக்க மறந்திருந்தார். பதற்றத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

"ஹலோ... ஓம். ஓம் அக்கா. நிக்கிறார்..."

எதிரே, அழைப்பது தம் மனைவி என்றறிந்த தோப்பூர் நண்பர் இரு கைகளையும் விரித்து 'இல்லை, இல்லை' என ஆட்டினார். சீனன்குடா நண்பரின் விழிகள் அங்குமிங்கும் ஓடின. சுவரிலிருந்த அறிவிப்பில் வந்து நின்றன.

"இல்லை அக்கா, அவரிட்டக் குடுக்கேலாது. இங்க போன் கதைக்கிறது தடை."

பிறகு கைப்பேசியின் உள்ளிருந்து எழுந்த குரல் அறை முழுதும் கேட்டது.

"அப்ப நீங்க என்னத்துல கதைக்கிறீங்க?"

வாயிலிற் சிரிப்பொலி எழுந்தது. செயலாளர் பெண்மணி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், இது என்ன விதி?"

"எனக்கே விளங்கவில்லை, பிள்ளை," என்றேன். அது முழு உண்மை.

இதற்கிடையே கைப்பேசி தோப்பூர் நண்பரின் கைக்கு மாறியிருந்தது. "மழ இருட்டுதா? நெல்லு? மூடியாச்சா? அப்ப... ஆறுதலா வரவா?" அவர் குரல் வரவரத் தாழ்ந்தது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். "அவசரப்படாம ஆறுதலா வரட்டாம். அதச் சொல்லத்தான் தேடினாவாம்," என்றார், எதையோ பறிகொடுத்தவர்போல. "இவக்கு உன்ட நம்பர் எப்பிடி?"

"மில்லில பைப் உடைஞ்ச நேரம் நீங்கள்தானே குடுத்தனீங்கள் முதலாளி."

செயலாளர் மேசையைச் சுற்றிவந்தார். "மூண்டு பேர்," என்றார். "ரெண்டெண்டாத்தான் குடுப்பன் எண்டனான். சொன்ன சொல்லை மாத்தேலாது. ஆனா தையல் வகுப்புக்கும் வேற மேசை இல்லை. அவை பின்னேரம் வரைக்கும் படிக்கட்டும், பிறகு உங்களுக்கு. தண்டவாளத்தைக் கழட்டிப் பிறகு பூட்டலாம்தானே? ஆனா அந்த மலை ஏலாது சேர். துணி விரிக்க இடம் வேணும்."

அறை கிடைத்தது, மலை போயிற்று. அதை மூவரும் சேர்ந்து தூக்கி அலுமாரியின் மேல் வைத்தோம். மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் தேநீர் அருந்தினோம்.

இனி விதியை எங்ஙனம் நடத்துவது என்ற கவலை எனக்கு. மலையில்லையேற் கைப்பேசிகளை எங்கே ஒளிப்பது? அடுத்த முழுநிலா நாளில், துணித் துண்டுகளையும் நூற்கட்டைகளையும் ஒதுக்கித் தண்டவாளத்தை மீண்டும் பொருத்திய பிறகு இதை வினவினேன்.

"ஒளிப்பானேன்? நிக்காமல் சுத்தட்டும்," என்ற சீனன்குடா நண்பர், நான் கேளாமலே தமது கைப்பேசியைப் பெட்டியிற் கிடத்தினார்.

"நீர் இதை மறுத்தவரல்லவா?"

"கேற்றில குடுத்தா எங்க வைக்கிறாங்கள் எண்டு தெரியாது சேர். இது கண் முன்னால ஓடுது. அது வேற, இது வேற."

எவ்வகையில் வேறு என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தோப்பூர் நண்பரும் தமதை ஏற்றினார். "சட்டம் சட்டம்தானே?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டார். "சட்டந்தான்," என்றேன். மூன்று கைப்பேசிகளோடு உட்சுற்று வண்டி ஓடலாயிற்று.

சற்று நேரத்தில் ஒன்று ஒலித்தது. மலை இருந்தபோது ஒலி மட்டும் கேட்கும்; இப்போது ஒளியும் தெரிந்தது. தோப்பூர் நண்பரின் கைப்பேசி மின்னியபடி வளைவில் திரும்பி அவர் பக்கமாக வந்தது. அவர் குனிந்து பார்த்தார். கை மேசை விளிம்புவரை வந்து நின்றது. வண்டி அவரைக் கடந்து சென்றது. அவர் மூச்சு விட்டார்.

"ஆர் முதலாளி?"

"ஊட்ட இருந்து."

தையல் வகுப்புப் பெண்ணொருவர் மறந்து வைத்த கத்தரிக்கோலை எடுக்க வந்து, கழுத்தில் அளவுநாடா தொங்க வாயிலில் நின்றிருந்தார். அவரது பார்வை வண்டியோடு சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயா எடுக்க மாட்டாரோ?"

"எடுக்கேலாது அக்கா, சட்டம்," என்றார் சீனன்குடா நண்பர்.

"கையெட்டுற தூரத்திலயெல்லே போகுது? அடுத்த சுத்தில எடுப்பார், பாருங்கோ."

"பந்தயமோ?"

ஒலி ஓய்ந்து மீண்டும் தொடங்கியது. அப்பெண் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்; ஆனாற் செல்லவில்லை. கதிரையொன்றை மேசையருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார். நெடுங்காலத்தின் பின் எங்கள் மேசையின் நான்காம் பக்கத்தில் ஓர் ஆள். அவரைத் தொடர்வண்டி பார்க்க வந்தவர் என்பதா, தோப்பூர் நண்பரைப் பார்க்க அமர்ந்தவர் என்பதா, செயலாளர் கேட்டால் நான் எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை அறியேன். கைப்பேசி வளைவில் மறுபடியும் திரும்பியது. நண்பர் தம் இரு கைகளையும் பின்புறமாகக் கட்டிக்கொண்டார்.

"வருது, வருது," என்றார் அந்தப் பெண்.