இருபது தாள், பத்தொன்பது ஆள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு முந்நூற்று அறுபத்தைந்து நாள். இந்த நினைவு மலர் இருநூறு பிரதி அச்சாகிறது. நூற்று இருபது போதும் என்றேன். என் பிள்ளைகள் கேட்கவில்லை. பெற்றுக்கொள்ளப்போகும் இருநூறு பேரில், அக்கா படுக்கையில் கிடந்த நாலு மாதத்தில் வந்து பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர். மற்றவர்கள் கருமாதிச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குருசுக்குப்பத்தில், அலை வந்து நிற்கும் இடத்திலிருந்து அறுபது அடி தள்ளியிருந்த வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்தவராக அக்கா பிறந்தார். எட்டு வயதில் அம்மாவுக்குப் பின்னால் மீன் கூடை தூக்கினார். அவர் கூடை தூக்கியதால் நான் பள்ளிக்கூடம் போக முடிந்தது. படித்து முடித்து, எத்தா சிவீல் என்று எங்கள் ஊரில் சொல்லும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுத்தனாகச் சேர்ந்தேன். பெரிய புத்தகத்தைப் பார்த்துப் பிறப்புச் சான்று எழுதிக் கொடுப்பது என் வேலை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அழகு என்ன செய்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். பேச்சு குறைவு. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அதை இரண்டு நாள் நினைத்துச் சிரிப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய மூன்றாம் வருஷம் குப்பத்துக்கு, வேலைக்கு ஆள் சேர்க்கும் ஒரு மேஸ்திரி வந்து போக ஆரம்பித்தான். அவன் பெயரை எழுதமாட்டேன். இது என் அக்காவின் மலர். எல்லாக் கல்யாணத்துக்கும் வருவான். எல்லாக் குழந்தைக்கும் மிட்டாய் வைத்திருப்பான். இலங்கைக் கரையில் தனக்குத் தெரிந்த ஒருவர் கருவாட்டு வாடி வைத்திருப்பதாகவும், மீன் அறுத்து உப்புப் போட்டுக் காயவைக்கும் வேலை என்றும், ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றும் சொன்னான். அந்த வருஷம் கடலில் மீன் படவில்லை. பதினான்கு பேர் சம்மதித்தார்கள். மாமா பதினோராவது ஆள்.

பிறப்புச் சான்று இருந்தால்தான் அங்கே அனுமதி கிடைக்கும் என்று சொல்லி, மேஸ்திரி பதினான்கு பெயரை ஒரு பட்டியலாக எழுதி என்னிடம் கொண்டுவந்தான். ஒரே நாளில் பதினான்கு சான்றும் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை. “தம்பி எழுத்து முத்து முத்தா இருக்குது” என்றான். அதில் குளிர்ந்துபோனேன். எதையும் எண்ணிப் பார்க்கும் நான், ஒரே ஆள் எதற்குப் பதினான்கு பேரின் தாளை வாங்கிப் போகிறான் என்று மட்டும் எண்ணவில்லை.

லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய், அங்கிருந்து படகில் அனுப்பினார்கள். ஆறு மாதம் ஒன்பது மாதமாயிற்று. மாதம் ஒரு கடிதம் வீட்டுக்கு வீடு வந்தது. குப்பத்தில் படிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் பதினான்கையும் நானே படிப்பேன். ஒவ்வொன்றிலும் ஏழு வரி. எல்லாம் ஒரே கை. வாடியில் ஒழுங்கான கணக்குப்பிள்ளை இருக்கிறான் போலும் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதக் கடிதத்தை வாசித்தபோது அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“கொழந்தைங்களை விசாரிச்சதா சொல்லவும்னு போட்டிருக்கா?”

“ஆமாக்கா.”

“எனக்கு ஏதுடா கொழந்தை?”

எழுதுகிறவன் வழக்கமாகப் போடுவது என்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அவரைக் கேக்காமயே எழுதியிருக்கான்டா. கேட்டிருந்தா இதைப் போட விட்டிருப்பாரா?”

அந்த மாதத்துப் பதினான்கு கடிதத்தையும் வாங்கிவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விலாசம் தவிர ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாதாமாதம் ஒரே கடிதத்தைத்தான் பதினான்கு வீட்டிலும் ராகம் போட்டு வாசித்திருக்கிறேன்.

மேஸ்திரி அன்று ஒரு கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தான். அக்கா அங்கேயே போய்க் கேட்டார். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

“இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே தங்கச்சி? புள்ள இல்லாத வூட்டுக்குக் கடுதாசியிலயாவது ஒரு புள்ளைய அனுப்பிட்டான்னு சந்தோஷப்படு.”

பந்தலில் ஏழு பேர் சிரித்தார்கள். ஏழு பேரையும் எனக்குத் தெரியும். ஐந்து பேர் எங்கள் உறவு. அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் அவன் மேலும் சொன்னான்: “ஒண்ணும் பயப்படாதே. அவனுங்க தாளு எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்குது. தாளு இல்லாம அங்க எவன் வெளிய கால் வெப்பான்? கள்ளத்தோணின்னு புடிச்சி உள்ள போட்டுருவாங்க இல்ல.”

விலங்கு பூட்டிய விஷயத்தை நல்ல சேதி போலச் சொன்னான். கேட்டவர்களும் நல்ல சேதி போலவே தலையாட்டினார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் ஐவரிடம் போனோம். மேஸ்திரி கோயில் காரியத்துக்கு வேண்டியவன் என்றார்கள். இரண்டு அலுவலகங்களுக்குப் பதினொரு முறை நடந்தோம். ஓர் அலுவலகத்தில், ஊரை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் முழுசாக முடியவில்லை, நீங்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் பொறுப்பு என்றார்கள். மற்றொன்றில், கொடிதான் இறங்கிவிட்டதே, எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்றார்கள். பதினான்கு ஆளை விழுங்க ஒரு மேஸ்திரி போதும். இல்லை என்று சொல்ல இரண்டு சர்க்கார் வேண்டியிருந்தது.

பதினோராம் முறை திரும்பி வரும்போது அக்கா நடுவழியில் நின்றார்.

“அந்தத் தாளை எதைப் பாத்துடா எழுதின?”

“பெரிய புத்தகத்தைப் பாத்து.”

“பொஸ்தகத்தையும் அவன் எடுத்துக்கிட்டுப் பூட்டானா?”

“அது எப்படிக்கா? அலமாரியில இருக்கு.”

“அப்போ இன்னொரு தரம் எழுது. நான் கொண்டுபோறேன்.”

உரியவர் நேரில் வந்து கேட்காமல் சான்று எழுதக்கூடாது, விதி இருக்கிறது என்றேன். “மொதல் தரம் பதினாலு பேரும் வந்தா உன் எதிர்ல நின்னாங்க?” என்று கேட்டார். மறுநாள் அலமாரியைத் திறந்தேன்.

அந்த மாதம் மேஸ்திரி வாடிக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆறு பேர் வேண்டும் என்றான். அக்கா தானே போய்ப் பெயர் கொடுத்தார். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். தன்னைத் தவிர யாருக்கும் புத்தி கிடையாது என்று நம்புகிறவனை ஏமாற்றுவது சுலபம். ஆறு பெண்களின் சான்றையும் ஒரு பிரதி அவனுக்கும் ஒரு பிரதி அக்காவுக்குமாக எழுதினேன். ஆண்களுடையது பதினான்கு. ஆக, அக்காவின் கையில் இருபது தாள்.

ஆனால் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கொடுக்கப்போகும் ஆண்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் அந்தந்த வீட்டு மரக்குறியைப் போடச் சொன்னார். கரையில் கிடக்கும் கட்டுமரங்களில் எது யாருடையது என்று தெரிய, வீட்டுக்கு ஒரு குறி வெட்டியிருப்பார்கள். எங்கள் மாமா வீட்டுக் குறி, மூன்று நேர்வெட்டு, அதன் கீழே ஒரு சாய்வெட்டு. சர்க்கார் தாளில் கிறுக்குவது குற்றம் என்று அரைநாள் சண்டை போட்டேன். “உன் முத்து எழுத்து அங்க யாருக்கும் தெரியாதுடா. மரக்குறி எல்லாருக்கும் தெரியும்” என்றார். பென்சிலால் போட்டுக் கொடுத்தேன்.

இருபது தாளையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பெரிய புளி உருண்டைக்கு நடுவில் வைத்து அடைத்தார். இனி நான் எழுதுவது அக்கா எனக்குச் சொன்னது. ஒரே ஒரு முறை சொன்னார்.

வாடியில் இறங்கியதும் மூட்டைகளைச் சோதித்தார்கள். சீப்பைக்கூடப் பிடுங்கினார்கள். புளியைப் பொதுச் சமையலுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அக்கா உடனே, நான் நன்றாகக் குழம்பு வைப்பேன் என்று சொல்லிச் சமையலுக்கு நின்றுவிட்டார். அன்றிலிருந்து புளி அக்காவின் கைக்குள் இருந்தது. நாளுக்கு நாள் கரைந்தும் வந்தது. ஒரு மாதம் தாங்காது என்று முதல் நாளே கணக்குப் போட்டாராம். எண்ணும் புத்தி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் இல்லை.

மறுநாள் காலை ஆட்களைக் கூப்பிட்டார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். கங்காணி எட்டு, ஒன்பது, பத்து என்று கூப்பிட்டவன் அடுத்துப் பன்னிரண்டு என்றான்.

பதினொன்று எங்கே என்று கஞ்சி ஊற்றும்போது ஒருவரிடம் அக்கா கேட்டார். உப்புத் தொட்டியில் நின்று நின்று காலில் பிளந்த புண் புரையோடி, அங்கே போன இரண்டாம் மாதமே மாமா இறந்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்து கடைசிக் காயப்போடும் பந்தலுக்குப் பின்னால் மணலில் புதைத்தார்கள். அதற்குப் பிறகும் ஏழு கடிதம் வாசித்தேன். ஏழு கடிதத்திலும் மாமா நலமாக இருந்தார்.

அக்கா அழவில்லை. இன்னாருடைய மனைவி என்று தெரிந்தால் எதற்கு வந்தவள் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றினார்.

அந்த வாடிக்கு எப்போதாவது ஒரு அதிகாரி கருவாட்டுச் சிப்பங்களைச் சோதிக்க வருவார். அவர் வரும் நாளில் ஆண்களை ஓடைக்கு அப்பால் தாழைப் புதருக்குள் உட்காரவைத்துவிடுவார்கள். படகில் தப்பாதபடி துடுப்புகள் எல்லாம் பூட்டி இருக்கும். இருபத்துமூன்றாம் நாள் அவர் வந்தார். புளி ஒரு கைப்பிடி கனம்தான் மிச்சம். அவர் சிப்பம் எண்ணிக்கொண்டிருந்தபோது அக்கா சோற்றுப் பானை மூடியைக் கரண்டியால் அடித்தார். தினமும் சாப்பாட்டுக்கு அவர் கொடுக்கும் ஓசை அது. பட்டினி கிடந்தவர்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. பதின்மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து ஓடிவந்தார்கள்.

கங்காணி கத்திக்கொண்டிருக்க, அக்கா தாள்களைப் பிரித்து விரித்தார். எல்லோரும் தம் மரக்குறியைப் பார்த்துத் தம் தாளை எடுத்து நின்றார்கள். யாரும் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதிகாரி தமிழர். பிரெஞ்சு தெரியாது; முத்திரை தெரிந்தது. எண்ணிப் பார்த்தார்.

“இருபது தாள் இருக்கு. ஆள் பத்தொன்பதுதான். ஒருத்தர் எங்கேம்மா?”

“அந்தக் கடைசிப் பந்தலுக்குப் பின்னால, மணலுக்குள்ள இருக்கார்” என்றார் அக்கா.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். இந்தக் கதையில் தலை குனிந்த ஒரே ஆள் அவர்.

அவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு தனுஷ்கோடி வழியாகப் பத்தொன்பது பேரும் திரும்பினார்கள். ரயிலடியில் மாலையோடு காத்திருந்தவர்களில் மேஸ்திரியும் இருந்தான். நாங்கள்தான் பேசி மீட்டோம் என்று அதே வாரத்தில் சொல்ல ஆரம்பித்தான். அதை நம்பியவர்களையும் எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன்.

அக்கா கேட்டது ஒன்றுதான். மாமா இறந்தார் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். பிணமில்லை, வைத்தியர் சான்றில்லை. கண்ணால் பார்த்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். புதைத்தவர்கள் மூன்று பேர். மூவரும் அப்போது மேஸ்திரியின் புதுப் படகுகளில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒருவர், அது மாமாதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஒருவர், காய்ச்சலில் நினைவில்லை என்றார். மூன்றாமவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். எந்த ஆட்களின் கையில் தாளைக் கொடுத்து அக்கா வெளியே கொண்டுவந்தாரோ அதே ஆட்கள். ஒப்பந்தம் முழுசாக முடிந்து நாங்கள் சட்டப்படி இந்தியர் ஆன வருஷம் வரைக்கும் அக்கா அந்த மூன்று வாசலுக்கும் நடந்தார். பிறகு நிறுத்திவிட்டார். புத்தகத்தின்படி மாமா இன்றும் உயிரோடு இருக்கிறார். கணவன் இருப்பதால் விதவை உதவிக்கு அக்காவுக்குத் தகுதியில்லை என்று பிற்பாடு ஒரு அலுவலகச் சன்னலில் சொன்னபோது அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மேஸ்திரி கடைசியில் மீன் ஏற்றுமதி முதலாளியாக, வயது முதிர்ந்து, ஊர் கூடி எடுக்கச் செத்தான். அக்கா தொண்ணூறு வயதைத் தாண்டும் வரை இருந்தார்; கூடை மீன் விற்றே பிழைத்தார். என் பிள்ளைகள் மூவரையும் வளர்த்தார். கருவாடு மட்டும் வீட்டில் சேர்த்ததில்லை. மேஸ்திரியின் பேரன் சென்ற மாதம் வந்து, இந்த மலரின் அச்சுச் செலவைத் தாங்கள் ஏற்பதாகவும், ‘குடும்ப நண்பர்’ என்று கடைசிப் பக்கம் ஒன்று கொடுத்தால் போதும் என்றும் சொன்னான். பையன் மரியாதையாகத்தான் பேசினான். கடைசிப் பக்கம் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அந்தப் பக்கம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஐவர். தன் வீட்டுப் புளியை எல்லாம் எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணி. பெயர் தெரியாத அந்த அதிகாரி. நாலு மாதமும் அக்காவின் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்த செவிலியர். என் மூத்த மருமகள். அரைமணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லி அரைமணி நேரத்தில் வந்த ஆட்டோக்காரர். ஆறாவதாக ஒருவரைச் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அக்காவை எடுத்த அன்று, பதின்மூவரில் எஞ்சியிருக்கும் ஒரே ஆள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொன்னவர்தான். நான் நாற்காலி போடவில்லை. நின்றபடியே சொன்னார்:

“நான்தான்பா தலைமாட்டுப் பக்கம் புடிச்சேன். அவர்தான். கைநாட்டு வெக்கிறேன்.”

அறுபது வருஷத்துக்கு மேல் தாமதம். அதை வாங்கிக்கொள்ளும் சன்னலும் இப்போது இல்லை. அக்காவின் பெட்டியிலிருந்து இருபதாவது தாளை எடுத்தேன். புளிக்கறை படிந்து, என் அழகான கையெழுத்து பாதி அழிந்திருந்தது. மூன்று நேர்வெட்டும் ஒரு சாய்வெட்டும் அப்படியே இருந்தன. அதன் கீழே அவர் பெருவிரலை வைத்தார். தாளை மடித்து அக்காவின் கையில் கொடுத்து அனுப்பினேன்.

கணக்கு நேராகிவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்ல வரவேண்டாம். மேஸ்திரி கையில் கொடுத்த முதல் பதினான்கு தாளையும் எழுதியவன் நான்.