பந்தியில் நின்ற நூற்றிருபது பேர்

2007 ஜூன் 14, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. கத்திரி முடிந்து இரண்டு வாரம் கழிந்தும் வெயில் குறையவில்லை. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குப் பதினெட்டுப் படி ஏறிப் போனேன். நான் கட்டவிருந்த கல்யாண மண்டபத்தின் ஆள் கணக்கை ஆர்க்கிடெக்ட் பெண் அச்சடித்துக் கொடுத்தார். மொத்தம் 430 பேர்.

போன மாதம் இதே மண்டபத்துக்கு இவரே கொடுத்த கணக்கு 550.

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். போல்ட் எண்ணிக்கை குறைந்தால் பயம் வரும், கூடினால் அதைவிடப் பயம் வரும். ஓய்வுப் பணத்தையும் நிலம் விற்ற பணத்தையும் சேர்த்து மாமல்லபுரம் சாலையில் மண்டபம் கட்ட முடிவு செய்திருந்தேன். கீழே சமையலறையும் வண்டி நிறுத்தும் இடமும், மேலே கல்யாணக் கூடமும் அதன் பின்னால் சாப்பாட்டுக் கூடமும். முன்பக்கம் இரண்டு படிக்கட்டுகள். மேல்தளத்தில் 450 பேர் வரைக்கும் அவை போதும், அதைத் தாண்டினால் பின்பக்கம் மூன்றாவது படிக்கட்டு வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாவது படிக்கட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆர்க்கிடெக்டை அழைத்து வந்தது என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. மணலும் ஜல்லியும் அவன் லாரியில்தான் வரும். படிக்கட்டு ஒன்று கூடினால் லோடும் கூடும். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு 550 என்று போட்டிருக்கிறார்கள் என்று ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன். "கூடத்துல உக்காந்தவன்தானே எழுந்து சாப்பிடப் போறான்? ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணினா எப்படிம்மா?" என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். "கூட்டம் அப்படி ஒழுங்கா நகராது சார்" என்று நான்கு முறையும் அதே பதில்.

இப்போது 430. படிக்கட்டு வேண்டாம்.

"எப்படிம்மா குறைஞ்சது?"

"சாப்பாட்டுக் கூடத்துல கிழக்குச் சுவரை எடுக்கச் சொன்னீங்களே சார். படத்தை மாத்தினதும் சாஃப்ட்வேரே திரும்பக் கூட்டிடுச்சு" என்றார். போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டார்.

சுவரை எடுக்கச் சொன்னது நான்தான். நான்கு தூணும் ஒரு கைப்பிடிக் கம்பியும் இருந்தால் கடல் காற்று வரும், செங்கலும் மிச்சம் என்றேன். பஸ்ஸில் தாளைப் பிரித்தேன். கூடம் 400, மணமேடை 20, ஐந்து அறைகளுக்கு இரண்டிரண்டாகப் பத்து. சாப்பாட்டுக் கூடம் என்ற வரிசை இருந்தது, ஆனால் ஆள் எண்ணிக்கைக் கட்டம் காலி. போன மாதம் அதில் 120 இருந்தது. என் வாதத்தை ஒப்புக்கொண்டு எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒப்புக்கொண்டவர் ஏன் அதை என்னிடம் சொல்லவில்லை என்பது திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். அந்த மண்டபத்திலும் சாப்பாடு மாடியில்தான். நான் பந்தி வாசலில் நின்று எண்ணினேன். வரிசைக்கு முப்பது இலை, நான்கு வரிசை, நூற்றிருபது. அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும், அடுத்த பந்திக்காக, முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். சாப்பிடுகிறவர் மோர் சாதத்துக்கு வந்தாரா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இன்னொரு நூற்றிருபது. கூடத்துக்குத் திரும்பினேன். தாலி கட்டி அரைமணிதான் ஆகியிருந்தது. நாற்காலி எதுவும் காலியில்லை. மொய் எழுதவும் மேடையேறவும் வந்தவர்கள் நிரப்பியிருந்தார்கள்.

படிக்கட்டில் தாம்பூலப் பையோடு இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டார்கள். நிறைமாதப் பெண் ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிக்குக் காத்து நின்றாள். அவளைத் தாண்டி நாற்பத்தாறு பேர் போன பிறகுதான் அவளால் அடுத்த படியில் கால் வைக்க முடிந்தது. என் மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழே சமையலறை, ஆறு கேஸ் அடுப்பு.

"கல்யாணத்துக்கு வந்துமா எண்ணிக்கினு நிக்கிறீங்க? பொண்ணுவூட்டுக்காரங்க பாக்கறாங்க" என்றாள் மனைவி. நான் அன்று பாயசத்தை இரண்டாம் முறை கேட்கவில்லை.

மறுநாள் காலை தாளோடு போனேன். இந்தக் கட்டம் ஏன் காலி என்று கேட்டேன். ஆர்க்கிடெக்ட் கம்ப்யூட்டரில் அந்த வரிசையைத் திறந்தார். பரப்பளவு இருக்க வேண்டிய இடத்தில், அறை மூடப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாலு பக்கமும் சுவர் இருந்தால்தான் சாஃப்ட்வேருக்கு அது அறை. ஒரு பக்கம் திறந்ததும் அறை இல்லை, பரப்பு இல்லை, ஆளும் இல்லை. அவர் முகம் மாறிவிட்டது.

"மொத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பிட்டேன் சார். என் தப்பு."

"அனுமதி ஆபீசுல இதைக் கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க. அவங்களும் மொத்தத்தைத்தான் பார்ப்பாங்க. ஆனா தெரிஞ்சே நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். வேணும்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

அந்தத் தாளில் கையெழுத்துப் போட செங்கல்பட்டில் வேறு ஆள் கிடைப்பார். எத்தனை பேர் கிடைப்பார்கள் என்றுகூட மனதுக்குள் எண்ணிவிட்டேன், மூன்று பேர். பிறகுதான் அந்தப் படிக்கட்டில் நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

"அறைன்னு ஆக்க முடியுமா?" என்றேன். தூணுக்குத் தூண் சுவருக்குப் பதிலாக ஒரு கோடு இழுத்தார். காலிக் கட்டத்தில் 120 வந்தது, மொத்தம் 550. பந்தியில் நிற்கிறவர்களைச் சொன்னேன். "அவங்களை நான் யோசிக்கவே இல்ல சார்" என்று ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் என்றிருந்ததைப் பாதியாக்கினார். 240, மொத்தம் 670. பின்பக்கப் படிக்கட்டு வந்ததோடு, அதன் அகலமும் ஒரு அடி கூடியது.

மச்சான் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இன்னா மாமா, போன மாசம் என்னைத் திருடன் மாதிரி பாத்த. இப்ப நீயே போய் படி கேட்டு வாங்கிக்கினு வந்துகீற. என் லாரிக்கு மாலை போடணும்."

"லோடை நான்தான் எண்ணுவேன்" என்றேன்.

"நீ எண்ணாம வுட்டாத்தான் எனக்கு பேஜாரு."

மணல் ஒன்பது லோடு, ஜல்லி ஏழு. இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் நின்றேன். ஒன்றும் குறையவில்லை. அது ஏன் குறையவில்லை என்ற யோசனை எனக்கு இன்னும் போகவில்லை. கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங், கூலி, வரைபடத்தை மாற்றிய செலவு எல்லாம் சேர்த்து அந்தப் படிக்கட்டுக்கு ஆனது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.