வரைபடத்தில் இல்லாத வால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து ராயபுரம் வீட்டுக்குத் திரும்பியதும், அண்ணி என் கையில் ஒரு கட்டு அச்சுத்தாளைக் கொடுத்தார். தாள் முழுக்க எண்கள். நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலையில் இருந்தேன். பெட்டிகளின் எண்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். நான் வாசிக்க வேண்டும், அவர் கணினியில் சரிபார்ப்பார். ஒவ்வொரு வரியும் ஒரு நட்சத்திரம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோதே அண்ணி முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார். நட்சத்திர ஆய்வு என்றதும் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நிற்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்துக்கூட நான் கண்டதில்லை. எங்கோ தென் அமெரிக்க மலையில் இருக்கும் தொலைநோக்கி எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். அவர் பார்த்தவை ஏறக்குறைய அரை நாளுக்கொரு முறை ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள். அந்த இடைவெளி தெரிந்தால் அதன் உண்மையான ஒளி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். ஆயிரக்கணக்கான தூரங்களைக் குறித்துப் பார்த்தால் பால்வெளியின் நடுப்பகுதி என்ன வடிவம் என்பது தெரியவரும். அண்ணியின் வரைபடத்தில் அதன் ஒரு பக்கம் வால் போல நீண்டிருந்தது. அதுவரை யாரும் சொல்லாத வால். அதைப் பார்த்துத்தான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அண்ணன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான்.

மூன்றாவது தாளில் நான் நிறுத்தினேன். “அண்ணி, வால்னு நீங்க குறி போட்ட வரில எல்லாம் இந்தக் கடைசி நம்பர் மட்டும் பெருசா கீது.”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கடைசி எண், நட்சத்திரம் எவ்வளவு சிவந்து தெரிகிறது என்பது. இடையில் தூசி இருந்தால் ஒளி சிவக்கும், மங்கும். மங்கினால் இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அண்ணி தூசிக்கும் கணக்கு வைத்திருந்தார், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே விதமான தூசி என்று வைத்துக்கொண்டு. வால் தெரிந்த பக்கம் தூசி அதிகம். எண்ணூரில் பிறந்து வளர்ந்தும், அனல்மின் நிலையச் சாம்பல் எல்லா மாடியிலும் ஒரே மாதிரி விழாது என்பதை மறந்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

திருத்திக் கணக்குப் போடப் பத்து நாள் ஆனது. வால் காணாமல் போனது. ஆய்வேடு ஏற்கெனவே அவர் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அண்ணன் முதலில் நிதானமாகத்தான் பேசினான். “நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போவுது? அங்க போயிட்டு மெதுவா சொல்லிக்கலாம்.”

“அங்க போறதே அந்த வாலப் புடிச்சுக்கினுதானே” என்றார் அண்ணி.

அன்று மதியமே இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று தன் நெறியாளருக்கு, மற்றொன்று வேலை தருவதாகச் சொன்னவர்களுக்கு. அவர்கள் மரியாதையாக நன்றி சொல்லி, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஆய்வேட்டைத் திருத்தி எழுத இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. அண்ணன் சில வாரம் என் முகம் பார்த்துப் பேசவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது. வேலையில் ஒரு பெட்டி எண் தவறினால் யாரையாவது கூப்பிட்டுச் சொல்வேன், அதோடு முடிந்தது. இது அப்படி முடியவில்லை.

அண்ணி இப்போது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். போன மாதம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வேறு யாரோ, இன்னும் கூடுதல் நட்சத்திரங்களை வைத்து வரைந்த பால்வெளியின் நடுப்பகுதி. லேசாக நீண்ட உருண்டை. வால் இல்லை.

இத்தனை வருடம் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். “அன்னிக்கு நான் சும்மா இருந்திருந்தா நீங்க வெளிநாட்டுல இருந்திருப்பீங்கல்ல?”

“இருந்திருப்பேன். இந்தப் படத்தையும் அங்கதான் உக்காந்து பாத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை அணைத்தார்.