பாதி அம்பு

பலேர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் அக்கா குடியிருக்கும் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே மெழுகுதிரி கொளுத்தும் தட்டில் பாதி அம்பு ஒன்று கிடக்கிறது. கறுப்புத் தண்டு, இறகுப் பக்கம் மட்டும். முறிந்த இடத்தில் பிடித்த இரத்தம் மண்ணிறமாகிவிட்டது. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சுவாமி ஒருமுறை முகத்தைச் சுளித்து, "இதையேன் பிள்ளை மாதாவுக்குக் கிட்ட வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். "அது அவரின்ரை சாமான், சுவாமி" என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

'அவர்' என்றால் அத்தான், அக்காவின் கணவர். மன்னார்க்காரர். பலேர்மோவில் ஓய்வு பெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரின் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த முதியவரை நாங்கள் எல்லோரும் இங்கத்தைய வழக்கப்படி தொத்தோரே, அதாவது டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். தொத்தோரேக்கு வில் வேட்டையில் பைத்தியம். உள்நாட்டு மலைகளில் மான்கள் பெருகிக் கொடிமுந்திரியைத் தின்று தீர்த்ததால் அவற்றைக் கொல்ல அவருக்கு அனுமதி இருந்தது. துவக்கெடுத்து வெடி தீர்ப்பவனை அவர் வேட்டைக்காரனாகவே மதிக்கமாட்டார். கருவாலி மரமொன்றில் மூன்று பேர் இருக்கும்படி பரண் கட்டிக் கொடுத்தது அத்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னை மான் சுமக்கக் கூட்டிப்போனார்கள். வேட்டைக்கு அல்ல, சுமைக்கு.

அன்று விடியும்போது குளிர் எலும்பைக் கடித்தது. நிலம் வெளிக்கும் நேரம் கலைமான் ஒன்று கீழே வந்து நின்றது. அகன்ற கொம்பு, மூச்சு புகையாக வந்தது. தொத்தோரே வில்லை இழுத்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல. மான் துள்ளி விழுந்து எழும்பிச் சரிவில் ஓடி முட்புதருக்குள் மறைந்தது.

"அஸ்பெத்தா" என்று தொத்தோரே விரலை உயர்த்தினார். பொறு. வில் வேட்டைக்காரரின் கட்டளை அது. அம்பு பட்டபின் அரை மணி நேரத்துக்கு மரத்தைவிட்டு இறங்கக் கூடாது. துரத்தாவிட்டால் மான் கிட்டவே படுத்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் அடங்கிவிடும். துரத்தினால் வலியோடு மலையெல்லாம் ஓடும். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் புதருக்குள்ளிருந்து அந்த மான் அனுங்கத் தொடங்கியது. அத்தான் பரண் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது கூப்பிடுதடா. கேக்கேல்லையே உனக்கு?"

நான் வாய் திறக்கமுன் குதித்துவிட்டார்.

ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் அவருடைய தம்பி பதுங்குகுழிக்கு வெளியே வயிறு கிழிந்து கிடந்தான். செல்லடி ஓயட்டும், பொறு என்று நாலு பேர் அத்தானைக் குழிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். பின்னேரம் முழுக்க அவன் "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டான். முதலில் நின்றது அவன் குரல். பிறகுதான் செல்லடி நின்றது. அத்தான் இதை என்னிடம் சொன்னதில்லை, அக்காதான் சொன்னாள்.

புதருக்குள் மான் படுத்திருந்தது. வாயிலும் மூக்கிலும் இரத்த நுரை. அத்தான் கிட்டப் போனதும் எங்கிருந்து அந்த வலு வந்ததோ, எழும்பித் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது. கொம்பு அவர் தொடையைக் கிழித்துக்கொண்டு ஏறியது. இரண்டு பேரும் சரிவில் உருண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு கொம்பைப் பிடித்துக் கழுத்தைத் திருகியபடி அதன்மேல் கிடந்தார், மற்றக் கை இடுப்பில் கத்தியைத் தேடியது. விலாவில் நின்ற அம்பு அவர் பாரத்தில் முறிந்தது. கத்தி அகப்பட்டதும் ஒரே இழுவை. சூடான இரத்தம் அவர் முகத்திலும் என் கைகளிலும் பீறியது. எது மானின் இரத்தம், எது அத்தானின் இரத்தம் என்று தெரியவில்லை. கால்கள் உதறி ஓயும்வரை அவர் அதன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. "சரி, சரி, முடிஞ்சுது" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜீப்பின் பின்சீற்றில் கிடத்தித் தொத்தோரேயே தொடையைத் தைத்தார். தைத்துக்கொண்டே திட்டினார். "பொறுத்திருந்தால் அது நித்திரையில் போயிருக்கும். நீ அதைப் பயத்தில் சாகடித்தாய்."

"அது தனியச் சாகேல்லையெண்டு அவருக்குச் சொல்லடா" என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. சொன்னேன். தொத்தோரே ஒத்துக்கொள்ளவில்லை. நானும்தான், அவர் சொன்னதே சரி என்று இன்றும் நினைக்கிறேன். வேட்டை என்னவோ வெற்றிதான். அந்த ஞாயிறு எங்கள் படிக்கட்டு முழுக்க மான்கறி மணத்தது. அக்கா மட்டும் தொடவில்லை. அத்தான் கொண்டுவந்த பாதி அம்பைக் கண்டு, "இந்த நாசத்தை எறியுங்கோ" என்று கத்தினாள். அவர் அதைத் தன் ஆயுதப் பெட்டிக்குள், சுத்தியலுக்கும் குறட்டுக்கும் அடியில் ஒளித்து வைத்தார்.

போன மாரியில் அத்தானுக்குத் தலைக்குள் நரம்பு வெடித்தது. ஆஸ்பத்திரியில் தாதி கதவை மறித்து நின்று, "அஸ்பெத்தி, சிஞ்ஞோரா" என்றாள். உள்ளே வேலை நடக்கிறது, பொறுங்கள். பொறு, அக்கா என்று நானும் சொன்னேன். இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரியிடம் குரல் உயர்த்தியறியாத அக்கா, அந்தக் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவர்கள் அவளை வெளியே இழுக்கப் பார்த்தார்கள். கட்டில் கம்பியை ஒரு கையாலும் அவரை மறு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் அசையவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு வெளியே வந்தாள். கண்ணில் நீரில்லை. "தனியப் போகேல்லையடா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆயுதப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, அந்தப் பாதி அம்பைத் தேடியெடுத்து மாதாவின் தட்டில் வைத்தாள். தட்டை ஒவ்வொரு சனியும் துடைக்கிறாள். அம்பை இன்னும் துடைக்கவில்லை.