உச்சிப்பொழுதில் இறங்கும் கோடு

"இரும்பை வாசல்லயே வச்சுப்போட்டு வாங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் சாய்ப்ரியா தினமும் சலித்துக்கொள்வது இதற்குத்தான். பால்காரர்கூடச் சாவியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேச்சு. அதெல்லாம் இல்லை.

அவள் வேலை பார்த்தது நார்வே நாட்டின் வடகோடியில். சூரியனிலிருந்து வரும் காற்று பூமியின் காந்தத்தை அங்கேதான் பலமாக அசைக்கும். வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடினால் காந்தத்தை அளக்கும் கருவியில் கோடும் ஆடும். அதை வைத்து மேலே நடப்பதைக் கணிப்பார்கள். கருவி இருந்தது பனிக்கு நடுவே ஒரு மரக்குடிசையில். பக்கத்தில் துளி இரும்பு போனாலும் கணக்கு கெட்டுவிடும்.

அவள் அம்மா பத்மாவதிக்கு அது தெரியுமா? தெரியாத ஊருக்குப் போகிற பெண்ணைக் காத்துக்கருப்பு அண்டக்கூடாதென்று, ஸ்வெட்டர் மடிப்பில் ஓர் ஆணியை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார். மகளிடம் சொல்லவில்லை.

உச்சிப்பொழுதில் குடிசைக்குப் போய்ப் பனியைத் தள்ளுவது சாய்ப்ரியாவின் வேலை. குளிர்காலத்தில் அங்கே உச்சிப்பொழுதும் இருட்டுதான். அவள் போகும்போதெல்லாம் கோடு கொஞ்சம் இறங்கியது. இரும்போடு போகிறாயா என்று மேலதிகாரி கடிந்துகொண்டார். ஹேர்பின் வரை கழற்றிப் பார்த்தவள், கடைசியில் மடிப்பைப் பிரித்து ஆணியைக் கண்டுபிடித்தாள். அம்மாவைப் போனில் பிடித்து நன்றாகத் திட்டினாள்.

கொஞ்ச நாள் கோடு நேராக ஓடியது. பிறகு மறுபடி இறங்க ஆரம்பித்தது. பனிப்புயலில் அவள் கதவே திறக்காத நாளிலும், அதே உச்சிப்பொழுதில். நாளுக்கு நாள் இறக்கம் கூடியது. இறக்கம் கூடினால் ஏதோ கிட்டே வருகிறது என்று அர்த்தம். பனியில் காலடித் தடம் எதுவும் இல்லை.

யாரும் நம்பவில்லை. இன்னும் இரும்பை ஒளித்து வைத்துக்கொண்டு பொய் சொல்கிறாள் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் துறையில் இனி அவளுக்கு வேலை இல்லை.

வந்தவள், தோட்டத்து ஓலைச் சாளையில் சின்னதாக அதே மாதிரிக் கருவி ஒன்றை வைத்து, கோடு தெரியும் திரையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இங்கேயும் உச்சிப்பொழுதில் கோடு இறங்குகிறது.

ஊர்ப்பேச்சைக் கேட்டு நானும் ஒருநாள் போனேன். சேலைப் பின், சாவிக்கொக்கி, ஆணி அடித்த செருப்பு எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு, முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர். சாளையில் யாரும் இல்லை. திரையில் கோடு மெல்ல இறங்கியது. கீழேயே நின்றது. எதுவோ நின்று பார்ப்பதுபோல.

பத்மாவதி எழுந்து வாசலுக்குப் போய் அந்த ஆணியைக் கையில் எடுத்தார். "இதை இடுப்புல சொருகிக்க கண்ணு. போயிரும்."

"போயிரும்மா. போயிருச்சுன்னா நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும்," என்றாள் சாய்ப்ரியா. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

நான் ஒருத்தி பார்த்தேன் என்றால் அடுப்படிப் பேச்சு என்பார்கள். தாராபுரம் பக்கம் போனால் அவளை ஒரு தடவை போய்ப் பாருங்கள். இரும்பை வாசலில் வைத்துவிட்டு, உச்சிப்பொழுதில் கூட உட்காருங்கள். சீக்கிரம் போங்கள். நேற்றைவிட இன்றைக்கு இறக்கம் அதிகமாம்.