ஜெயமேரி மாற்றிவைத்த ஐந்து கணினிகள்

ஜெயமேரி போய்விட்டார் என்று அவருடைய கணவர் அந்தோணி போன் செய்தபோது, நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் சரக்கு வண்டியோடு வரிசையில் நின்றிருந்தேன். "காலைல ஆறு மணிக்குண்ணா. ஆஸ்பத்திரிலயே" என்றார். ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். எதிர்பார்த்த சேதிதான். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சரக்கை இறக்கி, ரசீதில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் தண்டலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வியாபாரி பிழைப்பு அப்படி. இதில் பெருமைப்படவும் ஒன்றும் இல்லை, வெட்கப்பட்டும் பயன் இல்லை.

நம் சப்ளையர் சங்கத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலைகளுக்குக் கையுறை, ஷூ, ஹெல்மெட் கொடுக்கும் என் கடையில் பதினோரு வருடம் கணினி வேலை முழுவதும் அவர் பொறுப்பு. அதற்கு முன் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்றவர். வேலை கேட்டு வந்த அன்று, "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டேன். "அவ்ளோவா தெரியாதுண்ணா. ஆனா கெட்டுப்போனா பயப்பட மாட்டேன்" என்றார். இப்படிப் பதில் சொன்னவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்றே சேர்த்துக்கொண்டேன்.

நான்கு வருடத்துக்கு முன், எங்கள் பெரிய வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு படிவம் வந்தது. சரக்கு கொடுப்பவர்கள் தங்கள் கணினியில் இருக்கும் மென்பொருள் எல்லாம் முறைப்படி உரிமம் வாங்கியவை என்று வருடாவருடம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி ஒரு கையெழுத்து, கணினிப் பொறுப்பாளர் ஒரு கையெழுத்து. கொடுக்காவிட்டால் ஆர்டர் நிற்கும். அந்தக் கம்பெனி போனால் என் கடையில் பாதி போனது மாதிரி. எங்கள் ஐந்து கணினிகளிலும் இருந்ததோ யாரோ சிடியில் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ். நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"இன்னாண்ணா இது, எல்லாம் காசு குடுத்து வாங்குனதுன்னு கீது?"

"போடும்மா. எவன் வந்து பாக்கப் போறான்?"

அவர் பேனாவை எடுக்கவில்லை. "லைன்ல இருந்தப்ப செக் ஷீட்டுல பாக்காமலே டிக் போட்டவ நான். எல்லாரும் போடுவாங்க. ஒரு நாளு சேஃப்டி கார்டு கழண்ட மெஷின்ல பக்கத்து பொண்ணுக்கு ரெண்டு விரல் போச்சி. ஷீட்டுல என் டிக்கு இருந்திச்சி. அத்தோட வுட்டேண்ணா."

புதிதாக உரிமம் வாங்கலாம் என்றால் எங்கள் பழைய பெட்டிகள் புது விண்டோஸைத் தாங்காது. ஐந்தையும் மாற்ற அன்று என்னால் முடியாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம், இலவசம் என்றார். ஓசியில் வருவது உருப்படாது என்றேன். "இத்தினி வருசமா நீங்க வச்சிக்கினு இருந்தது மட்டும் இன்னா, வாங்குனதா?" என்று சிரித்தார். சரி, போடு என்றேன்.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைகள் மூடும். அந்த மூன்று நாளில்தான் மாற்ற முடியும். கணினிகளுக்குப் பொட்டு வைத்து, பொரி படைத்து முடித்த கையோடு அவர் பென்டிரைவோடு வந்து உட்கார்ந்தார். என் மனைவி பதறிவிட்டாள். "பூஜ போட்டத நாளைக்கி வரைக்கும் தொடக்கூடாது ஜெயா!" "நீங்க தொடாதீங்கக்கா. நான் சர்ச்சுக்குப் போறவ, எம்மேல கோச்சிக்காது" என்று சொல்லிவிட்டு, படைத்த பொரியில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். திரையில் இருந்த சந்தனத்தை மட்டும் கடைசிவரை துடைக்கவில்லை.

அதற்கடுத்த மாதத்தை நினைத்தால் இன்றும் அலுப்பாக இருக்கிறது. கணக்கு எழுதிய மென்பொருள் ஓடவில்லை. இணையத்தில் எழுதும் வேறொன்றைப் பழக வேண்டியிருந்தது. பழைய எழுத்துருவில் அடித்துவைத்த தமிழ் விலைப்பட்டியல்கள் திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி கோடும் புள்ளியுமாக வந்தன. எங்கே அமுக்கினால் எது வரும் என்று பத்து வருடப் பழக்கத்தில் இருந்த என் கை, எதை அமுக்கினாலும் தப்பாக அமுக்கியது. நான் கத்தாத நாள் இல்லை. அவர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை உச்சகட்டம். அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் பார்கோடு லேபிள் அரை விரல் நகர்ந்து அச்சாகி, கோடு வெட்டுப்பட்டிருந்தது. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி கருவியை வைத்துப் பார்த்தார். "ஸ்கேன் ஆவல சார். வண்டியத் திருப்பு." டிரைவர்கள் முன்னால் போனில் ஜெயமேரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பழையதையே திருப்பிப் போடு என்றேன்.

"போடறேண்ணா. ஆனா அந்த பாரத்துல நான் கையெழுத்து போட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க" என்றார். ஸ்கூட்டரில் புதிய லேபிள் சுருளோடு வந்து, லாரி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்று, டிரைவரையும் சேர்த்துக்கொண்டு நூறு பெட்டிக்கு மேல் உரித்து ஒட்டினார். நானும் ஒட்டினேன். "சிஸ்டம் மேல தப்பில்லண்ணா. பேப்பர் சைஸ் மாத்தாம வுட்டது நானு" என்றார். திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மத்தியானம் வண்டி உள்ளே போனது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கம்பெனியிலிருந்து நிஜமாகவே ஆட்கள் வந்தார்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார்கள். இவ்வளவு பாடும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தானா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தூக்கிப் போட வேண்டிய அந்த ஐந்து பெட்டிகளும் இன்றைக்கும் ஓடுகின்றன. அதன்பிறகு ஒரு வைரஸ் இல்லை, ஒரு ஃபைல் காணாமல் போகவில்லை. சங்கத்தில் நீங்கள் சிலர் அவரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னீர்கள். ஒரே வாரத்தில் பழையதற்கே திரும்பியவர்களும் உண்டு. அதைச் சொல்லி நான் கேலி பேசியபோது, "வுடுண்ணா, அவங்களுக்கு கை பழகல. கை பழகறதுக்கு முன்னாடி மனசு வெறுத்துடும், அதான் கஷ்டம்" என்றார்.

இனி சொல்லப்போவதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டில் ஆறாவதாக ஒரு மடிக்கணினி இருந்தது. கடைக்கான விலைப்பட்டியல்களை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதில்தான் அடிப்பேன். அதே திருட்டு விண்டோஸ், அதே பழைய எழுத்துரு. அதையாவது என் கைக்குப் பழகியபடி விட்டுவைப்போம் என்று நினைத்து அவரிடம் சொல்லவில்லை. மூன்று பூஜை போனது. நான்காவது பூஜைக்கு அவர் மருத்துவமனையிலிருந்து வந்து, நாற்காலியில் சாய்ந்தபடி ஐந்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்போதும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் இந்த வருடப் படிவம் வந்தது. பழைய நகல்களை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவம்; அவர் கையெழுத்துக்கு மேல் சின்னதாகத் தமிழில் ஒரு வரி: "கடையில் உள்ள ஐந்து கணினிகளை மட்டும் நான் பார்த்தேன்." நான்கு வருடமும் அதே வரி. கம்பெனியில் யாரும் அதைப் படித்ததில்லை. நானும் படித்ததில்லை.

வீட்டில் ஒன்று இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கடையில் பழைய எழுத்துரு ஒழிந்த பிறகும், நான் வீட்டிலிருந்து அனுப்பிய புதுப் பட்டியல்கள் மட்டும் கோடும் புள்ளியுமாக அவர் திரையில் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் திருத்தி, வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் சொல்லவும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தான் பார்த்ததை மட்டும் எழுதினார்.

போன சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து மடிக்கணினியை நானே மாற்றினேன். மூன்று முறை பாதியில் நின்றது. வெறுத்துப்போய் மூடிவைத்து, திரும்பத் திறந்தேன். இப்போது ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வரவைத்திருப்பார்.

ஜெயமேரியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நான்கு நகல்கள்தான். அவற்றை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டுதான் இந்த வருடப் படிவத்தை நிரப்பினேன். பொறுப்பாளர் என்ற இடத்துக்குப் புது ஆள் இன்னும் போடவில்லை. அதிலும் நானே கையெழுத்திட்டு, மேலே தமிழில் எழுதினேன்: "கடையில் ஐந்து, வீட்டில் ஒன்று. ஆறையும் பார்த்தேன்."