கிணற்றில் போட்ட மருந்து

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். பந்தியில் வைத்திருக்கும் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்தது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பயமில்லாமல் குடிக்கலாம். அண்ணன் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது திருவாரூருக்குத் தெற்கே, எங்கள் அப்பா குத்தகைக்கு உழுத ஊரில். அண்ணன் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் அப்பா மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். மடையைத் திறந்துவிட்டுத் திரும்பும்போதே வயிறு போனது. அரிசி கழுவிய தண்ணீர் போல உடம்பிலிருந்து எல்லாம் போயிற்று. உச்சிவேளைக்குள் கண் குழிக்குள் இறங்கி, குரல் அடங்கி, கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுத்தது. விளக்கு வைக்கும்போது அப்பா இல்லை. வாந்திபேதிப் பிணத்தைத் தூக்க யாரும் வரவில்லை. அண்ணனும் சித்தப்பாவும்தான் மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். அன்றைக்கே இந்த நோயோடு அவருக்குத் தீராப் பகை. படிப்பை முடித்ததும் காலரா ஊசி போடும் அரசு வேலையில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சைக்கிளில் போனவரை எல்லோரும் 'ஊசிக்காரர்' என்றே கூப்பிட்டார்கள்.

சென்னையில் ஆட்சி மாறி, எங்கள் பக்கம் அறுப்புக் கூலிக்காக ஊருக்கு ஊர் அடிதடி நடந்த காலம் அது. பக்கத்து ஊர் மிராசுதார், கூலி உயர்த்திக் கேட்ட சொந்த ஊர் ஆட்களை விலக்கிவிட்டு, குறுவை அறுக்க வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பிலேயே அரிவாள் வீச்சு நடந்தது. ஒருவருக்குக் காது போனது. ஒருவர் மண்டை பிளந்து களத்து நெல் சிவந்தது. அந்த ரத்தம் காய்வதற்குள் கூலிக்காரர்கள் தெருவில் வாந்திபேதி புகுந்தது.

வெளியூர் ஆட்கள் தங்கிய கொட்டகை வாய்க்காலின் மேல்தலைப்பில் இருந்தது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர்தான் தெருவை ஒட்டி ஓடிக் கிணற்றிலும் ஊறியது. அவர்களில் யாரோ ஒருவர் நோயை உடம்பில் வைத்துக்கொண்டு நன்றாகவே நடமாடியிருக்கிறார். அண்ணன் வீட்டில் இப்படிச் சொல்வார்: "அப்பாவக் கொன்னது பழைய ரகம்மா. வந்தா ஆளைப் படுக்க வெச்சுடும். இப்ப நெல்லுல புது ரகம் வந்த மாதிரி இதுலயும் வந்திருக்கு. நெறையப் பேர ஒண்ணுமே பண்ணாது. அவங்க பாட்டுக்கு நடந்து போயி ஊரெல்லாம் வெதைச்சுட்டு வந்துடுவாங்க."

தெருவில் பேச்சு வேறாக இருந்தது. மிராசுதார் ஆட்கள் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று. அந்த நேரத்தில்தான் அண்ணன் பிளீச்சிங் பவுடரோடு அங்கே போனார். வாளியில் கரைத்துத் தெருக் கிணற்றில் ஊற்றினார். புருஷன் வாந்திபேதியில் கிடக்க, செல்லம்மா என்கிற அம்மா குடத்தோடு வந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டும். அதனால் அண்ணன் சத்தம் போட்டார்:

"தண்ணி எடுக்காதீங்க! இப்பதான் கெணத்துல மருந்து போட்டிருக்கேன்!"

நம் பக்கத்தில் பயிருக்கு அடிப்பதும் மருந்துதான். 'அவன் மருந்து குடிச்சுட்டான்' என்றால் பாடை கட்டச் சொல்வோம். அண்ணன் ஒரு மருந்தைச் சொன்னார், தெரு இன்னொரு மருந்தைக் கேட்டது.

"டேய், கெணத்துல மருந்து போட்டுட்டான்டா!"

கம்பும் கல்லும் விழுந்தன. முன்பற்கள் போயின. ஒரு கதிர் அரிவாள் இடது தோளில் இறங்கி எலும்பில் நின்றது. "எவன்டா அனுப்புனான்? நீ போட்ட மருந்த நீயே குடிடா!" என்று வாளிக்குள் முகத்தை அமுக்கினார்கள்.

"குடிக்கிறேன். கெணத்துத் தண்ணிய மொண்டு குடுங்க, குடிக்கிறேன்" என்றார் அண்ணன்.

அப்போது செல்லம்மா நடுவில் வந்து நின்றார். "கையை எடுங்கடா. இவன் செத்தா வெஷம், சாகலன்னா நோய்க்கு மருந்து. செத்தா தானே செத்துட்டுப் போறான், அதுக்கு எதுக்குடா அரிவாள்? உக்காருங்க!"

அவரே மொண்டு கொடுத்தார். ஊற்றியவுடன் எடுத்த தண்ணீர். ரத்தம் வழியும் வாயையும் தொண்டையையும் அரித்துக்கொண்டு இறங்கியது. அண்ணன் பின்னால் சொன்னார்: "வாந்தி எடுத்தா அங்கயே வெட்டிடுவாங்கன்னு தெரியும். ஊருக்கெல்லாம் வாந்தி நிக்கணும்னு போனவன், என் வாந்திய நானே அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்." சுற்றிலும் அரிவாளோடு ஆட்கள். கிணற்றின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. அண்ணன் சாகவில்லை. செல்லம்மா குடத்தைக் கிணற்றில் விட்டார்.

அதோடு முடியவில்லை. 'ஊசிக்காரனை வெட்டிட்டாங்க' என்று கேள்விப்பட்டு மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். கையில் தீப்பந்தம். கொளுத்த ஒரு காரணம் போதும் அவர்களுக்கு.

"எவன்யா வெட்டுனான்? கையைக் காட்டு, போதும்."

"யாரும் வெட்டலீங்க. சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்."

"சைக்கிள்லேருந்து விழுந்தா அரிவாள் வெட்டு விழுமாய்யா?"

"செயின் கவர் கிழிச்சிருச்சுங்க."

போலீஸ் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். தெரு எரியாமல் தப்பியது. அண்ணனின் இடது கை அதன்பிறகு மேலே எழும்பவில்லை. அவர் ஒற்றைக் கையால் வணக்கம் வைத்ததை மரியாதைக் குறைவு என்று வருத்தப்பட்ட சம்பந்திகள் இப்போதாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

'மருந்து' என்ற சொல்லை அன்றோடு விட்டார். 'பவுடர்' என்றுதான் சொல்வார். பல வருஷம் கழித்து, ஒருமுறை வந்து தேறியவர்களையும் திரும்ப அடிக்கிற காலரா சென்னைப் பக்கம் கிளம்பியபோது, "மேல்சட்டைய மாத்திட்டு வந்திருக்கும்மா. ஒடம்புக்கு அடையாளம் தெரியல" என்று தூங்காமல் கிடந்தார். பிறகு எனக்கு ஏது தூக்கம்? அன்று தொடங்கியதுதான் இந்தத் தண்ணீர் காய்ச்சும் பழக்கம்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். "மருந்து குடிங்க அய்யா" என்ற நர்ஸம்மாவிடம், "பவுடர்னு சொல்லும்மா, குடிக்கிறேன்" என்று சிரித்தார்.

இரவு பகல் பார்த்த டாக்டர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வண்டி அனுப்பிய சம்பந்தி வீட்டாருக்கும், பிணத்தைத் தூக்கத் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்குக் கிடைக்காத தோள்கள் அவை.

இன்னொரு நன்றி பாக்கி. அண்ணனைக் குளிப்பாட்டும் நேரத்தில், காலமாகிவிட்ட செல்லம்மாவின் மகள் அந்தத் தெருக் கிணற்றிலிருந்து குடம் நிறையத் தண்ணீரோடு வந்தார். கூலிக்காரர் தெருத் தண்ணீரா என்று ஊரில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கோ பழைய பயம். "என்ன தண்ணிம்மா?" என்றேன்.

"மருந்து போட்ட தண்ணிதாங்க" என்றார்.

அதில்தான் அண்ணனைக் குளிப்பாட்டினோம்.